முயல் எவ்வளவு தூரத்தில்

பயம், பதற்றம் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது ஓரத்தில் எழுதிவைத்தவை. வரிசை கிடையாது.

*

நியூயார்க். பீட்டர் என்ற பையன். மூன்று வயது நிரம்ப இரண்டு மாதம் பாக்கி.

முயலைக் கண்டால் அலறுவான். வெள்ளை எலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எதுவும் ஆகாது.

மரக்கட்டைகள் மட்டும் பரவாயில்லை.

உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முதலில் செய்தது: பயப்படாத மூன்று குழந்தைகளோடு அவனை விளையாட விட்டார். அறையில் முயலும் இருக்கும். பையன் மெல்ல மெல்லக் கிட்டே வந்தான்.

நடுவில் ஸ்கார்லெட் காய்ச்சல். ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. குணமாகிக் கிளம்பும் நாளில் டாக்சியில் ஏறப்போக, பெரிய நாய் ஒன்று பாய்ந்தது. கூட இருந்த நர்சும் மிரண்டுவிட்டார்.

எல்லாம் போச்சு. பழைய இடத்துக்கே வந்துவிட்டான்.

பாய்ந்தது நாய். பயம் திரும்பியது முயல் மீதும்.

நர்ஸ் மிரளாமல் இருந்திருந்தால்?

மறுபடி தொடங்கினார் ஜோன்ஸ். இந்த முறை சாப்பாடு. உயரமான நாற்காலியில் பையன், கையில் அவனுக்குப் பிடித்த தின்பண்டம். அறையின் மறுகோடியில் கூண்டு. தின்பது நிற்காத அளவுக்கு மட்டும் கூண்டு நகரும்.

படிப்படியாக ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். 12 அடி தூரத்தில் முயல், பொறுத்துக்கொள்கிறான். 4 அடி. 3 அடி. கூண்டுக்கு வெளியே. ஜோன்ஸின் கையில் இருக்கும்போது தொடுகிறான். மடியில் வைத்துக்கொள்கிறான்.

முயலைக் கூண்டுக்குத் தூக்கிப்போக உதவுகிறான். இதையும் தனிப் படியாக எழுதியிருக்கிறார். வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள்.

கடைசிப் படி: முயல் தன் விரலைக் கொறிக்க விடுகிறான்.

அவசரப்பட்டு முயலைக் கிட்டே கொண்டுவந்தால் தின்பண்டத்தின் மீதே பயம் வந்துவிடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பீட்டரின் அம்மா அவனை அடக்கிய வழி: யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று சொல்வது. பூச்சாண்டி அங்கேயும்.

கட்டுரை வெளிவந்தது 1924இல். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

*

ஜோன்ஸும் ரோசலி ரெய்னரும் கல்லூரித் தோழிகள். அந்த ரெய்னர்தான் 1920இல் ஜான் வாட்சனோடு சேர்ந்து ஆல்பர்ட் என்ற கைக்குழந்தைக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவர். முன்னால் வெள்ளை எலி. பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியல் அடி.

கொடுத்த பயத்தைத் திரும்ப எடுக்கவில்லை. குழந்தை போய்விட்டது.

பாடப்புத்தகங்களில் ஆல்பர்ட்டுக்குப் படம் உண்டு. பீட்டருக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

*

ஜோசப் வோல்ப்பே. தென்னாப்பிரிக்க ராணுவ மருத்துவர். போரில் மனம் கலங்கி வந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்து, நடந்ததைப் பேச வைத்துப் பார்த்தார். பேசினார்கள். பெரிய குணம் எதுவும் இல்லை.

பிறகு ஜோகனஸ்பர்க்கில் பூனைகள். கூண்டில் மின் அதிர்ச்சி பட்ட பூனை அங்கே பசித்தாலும் தின்னாது. அந்த அறையிலேயே தின்னாது. அந்த அறையைக் கொஞ்சம் ஒத்த வேறு அறையில்? தயங்கும். சுத்தமாக ஒத்துப்போகாத அறையில் தின்னும்.

அங்கிருந்து தொடங்கி அறை அறையாகத் தட்டை நகர்த்தினார். கடைசியில் கூண்டுக்குள்.

அவர் புத்தகம் 1958இல். பீட்டருக்கு 34 வருஷம் கழித்து, மறுபடி சாப்பாடு.

*

பூட்டன், போல்ஸ், 1979. எலிக்கு ஒரு பெட்டியில் பயம் கற்றுக்கொடுத்து, வேறு பெட்டியில் அதைத் தணித்தார்கள். முதல் பெட்டியில் திரும்ப விட்டதும் பயம் வந்துவிட்டது.

அப்படியானால் அது எங்கேயும் போகவில்லை.

*

டேனியல் வெக்னர், 1987. ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள். நினைத்தால் மணியை அடியுங்கள்.

நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது.

இப்போது நினைக்கலாம் என்று விட்டதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள்.

ஏன் மணி? கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாம்.

*

ஜேம்ஸ் கிராஸ், 1998. கையை வெட்டி எடுக்கும் அறுவைசிகிச்சைப் படம். சிலரிடம், மருத்துவ நுணுக்கத்தை மட்டும் கவனியுங்கள். சிலரிடம், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். மற்றவர்கள் சும்மா பார்த்தார்கள்.

நுணுக்கத்தைக் கவனித்தவர்களுக்கு அருவருப்பு குறைந்தது.

முகத்தை இறுக்கி வைத்தவர்களுக்கு அருவருப்பு அப்படியே இருந்தது. விரல்நுனி ரத்தக்குழாய்கள் இன்னும் சுருங்கின.

இன்னொரு சோதனையில், உணர்ச்சியை மறைத்தவர்களுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்தது சரியாக நினைவில் இல்லை.

2003. எமிலி பட்லர், கிராஸ், வேறு சிலர். முன்பின் தெரியாத இரண்டிரண்டு பெண்கள். ஹிரோஷிமா, நாகசாகி பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டும். ஜோடியில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, மனதில் இருப்பதைக் காட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

எதிரில் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அவருக்கு விஷயமே தெரியாது.

வீட்டில் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறவர்கள்.

*

டேவிட் கிளார்க்கின் குழு, 1988. திடீர்ப் பீதி வருகிறவர்களை வார்த்தை ஜோடிகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படபடப்பு, சாவு. மூச்சிரைப்பு, மூச்சடைப்பு.

அட்டையைப் படித்தே பலருக்குப் பீதி வந்துவிட்டது.

வேறு எதுவும் செய்யவில்லை. இரண்டு வார்த்தை.

*

துணைக்கு வைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன ஏற்பாடுகள். பையில் தண்ணீர் பாட்டில். கதவோரச் சீட்டு. பர்சில் ஒரே ஒரு மாத்திரை, விழுங்குவதற்கில்லை.

வியர்வை தெரிந்துவிடும் என்று கோட்டைக் கழற்றாதவர். அதனால் வியர்க்கிறது. கை நடுங்கும் என்று டம்ளரை இறுக்கிப் பிடிப்பவர். அதனால் நடுங்குகிறது.

ஒன்றும் ஆகாமல் வீடு வந்தால் பாட்டிலுக்குத்தான் நன்றி. பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் எழுதியதன் சாரம் ஏறக்குறைய இதுதான்.

*

அலிசன் உட் புரூக்ஸ், 2014. மேடைப் படபடப்பில் இருப்பவரிடம், "அமைதியாக இருக்கிறேன்" என்பதற்குப் பதில் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொல்வது. ஒரு சோதனையில் பாட வைத்தார். பாட்டுக்கு மார்க் போட்டது கரோக்கே விளையாட்டுக் கருவி.

*

88 பேர். எல்லோருக்கும் சிலந்திப் பயம். வெட்டவெளியில் டப்பாவுக்குள் ஓர் உயிருள்ள டரான்டுலா. கேத்தரினா கிர்கான்ஸ்கி, மேத்யூ லீபர்மன், மிஷெல் கிராஸ்கே, 2012.

ஒரு குழு சும்மா நெருங்கியது. ஒரு குழு வேறு எதையோ நினைத்தது. ஒரு குழு, சிலந்தி ஒன்றும் செய்யாது என்று தனக்கே சொல்லிக்கொண்டது. இன்னொரு குழு, "அருவருப்பான சிலந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னது.

ஒரு வாரம் கழித்து உள்ளங்கை குறைவாக வியர்த்தது, வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு.

எவ்வளவு பயம் என்று கேட்டால் எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே பதில்.

வாயை நம்புவதா, கையையா?

*

ஹராரே, ஜிம்பாப்வே. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா. ஆள் இல்லை, பணம் இல்லை, ஆஸ்பத்திரியில் அறை இல்லை. பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மரப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

மனநலப் பெஞ்ச் என்று பெயர் வைக்கப் பார்த்தார். பாட்டிகள் விடவில்லை. யார் வந்து உட்காருவார்கள்? நட்புப் பெஞ்ச் என்று ஆனது.

2016இல் பெரிய சோதனை முடிவு வந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

*

ரத்தம் கண்டால் மயங்குகிறவர்கள் தனி ஜாதி. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு சரசரவென்று இறங்கும். கீழே விழுவது அதனால்தான்.

உடம்பைத் தளர்த்தினால் இன்னும் இறங்கும்.

சுவீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1987இல் தலைகீழாகச் செய்தார். கை, கால், மார்புத் தசைகளை 10, 15 விநாடி இறுக்க வேண்டும், முகத்தில் சூடு தெரியும்வரை. பிறகு விடுவது, முழுக்கத் தளர்வதில்லை. 20, 30 விநாடி கழித்து மறுபடி. சிகிச்சையின் ஒரு பகுதி ரத்ததான நிலையம். இன்னொரு பகுதி, நேரில் நின்று நெஞ்சு ஆபரேஷன் பார்ப்பது.

ஊசி போடும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் முகம் வெளுத்தால் "ரிலாக்ஸ்" என்று சொல்லாதீர்கள். இரண்டு காலையும் இறுக்கச் சொல்லுங்கள்.