தேக்கடி நீரும் தெப்பக்காரர்களும்

தேக்கடி ஏரி மனிதர் கட்டியது. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்தது. அணைக்குப் பின்னால் காடும் பள்ளத்தாக்குமாகச் சுமார் 26 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கின. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரம் என்று ஓடி மார்க்கையன்கோட்டை வயல்களை நனைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பி நிற்கிறது. மார்க்கையன்கோட்டை விவசாயிக்குத் தேக்கடி ஒரு சுற்றுலாத் தலமாக இருப்பதைவிட ‘இன்னைக்கு எத்தனை அடி?’ என்ற கேள்வியாகவே இருக்கிறது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து ஏரிக்குப் போகிறவர் அந்த நீரை எதிர்த்திசையில் தொடர்ந்து போகிறார். கம்பம் தாண்டினால் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். லோயர் கேம்ப்பில், அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம். அதற்கு மேல் மலைச்சாலையின் குறுக்கே இறங்கும் ராட்சத இரும்புக் குழாய்களுக்குள் பாய்வது ஏரித் தண்ணீர்தான். மின்சாரம் எடுத்த பிறகே அது வயலுக்கு வருகிறது. கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் குமுளி. ஏலக்காய், மிளகு மணக்கும் சிறிய எல்லை ஊர். கடைத்தெருவின் ஒரு முனை தமிழ்நாடு, மறுமுனை கேரளம். படகுத்துறை அங்கிருந்து காட்டுக்குள் சில கிலோமீட்டர்.

கடலே இல்லாத இந்த மலையில் படகோட்டத்துக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. அணை கட்டுவதற்கான சுண்ணாம்பு கூடலூர்ப் பக்கத்துக் குருவனூத்தில் வெட்டப்பட்டது. மலைமேல் அதை ஏற்றக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். மேலே வந்த சுமை வண்டிகளில் தேக்கடிக்குப் போனது. அங்கிருந்து அணைக்களம் வரை சாலை இல்லை. காட்டு ஓடையையே ஆழப்படுத்தி, மதகு வைத்து, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் சுண்ணாம்பைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து எழுந்த அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். காய்ச்சலிலும் காலராவிலும் இறந்துபோன தொழிலாளர்களின் கல்லறைகள் அணைக்கு அருகே இன்றும் இருக்கின்றன. பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் பள்ளத்தாக்கு, சுண்ணாம்புப் படகைத் தள்ளிய கூலிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவர்களுடைய பெயர்ப் பட்டியல்கூட நமக்கு மிஞ்சவில்லை. அணையைப் பராமரிக்கப் போகும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இன்றும் தேக்கடித் துறையிலிருந்து படகேறித்தான் போகிறார்கள். அவர்களுடைய படகுகளில் ஒன்றின் பெயர் ‘கண்ணகி’.

இந்த நீரைக் கைவேலையாக அறிந்தவர்கள் மன்னான், பளியர் பழங்குடி மக்கள். மன்னான்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு. நீர்த்தேக்கமும் வனக் காப்பகமும் வந்தபின் அவர்கள் காட்டின் உட்பகுதியை விட்டுக் குமுளி ஓரத்தில் குடியேற வேண்டியதாயிற்று. இடம் பறிபோனாலும் மீன்பிடிப்பு கைவிட்டுப் போகவில்லை. தெப்பத்தில் போய் வலை விரித்து மீன் எடுக்க இந்த இரு குடிகளுக்கும் உரிமை இருக்கிறது.

தெப்பம் பார்வைக்கு எளியது. முற்றிய மூங்கில்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, குறுக்கே கழி கொடுத்துக் கட்டியது, அவ்வளவே. அதை மிதக்க வைப்பது இரண்டு கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று. கணுக்கள் ஒவ்வொரு மூங்கிலையும் பல தனி அறைகளாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு கண்ணறை பிளந்து தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். மூங்கில்களின் இடுக்கில் நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உட்காருபவரின் கால் நனையலாம், தெப்பம் மூழ்காது. கட்டுதான் உயிர். ஈரத்தில் தளர்கிற முடிச்சைப் புறப்படுமுன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து இறுக்குவது தெப்பக்காரரின் அன்றாட வேலை.

துடுப்புப் போடுவதில்தான் அவர்களுடைய தேர்ச்சி தெரிகிறது. 1895இல் மூழ்கிய மரங்களின் கரிய அடிக்கட்டைகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. வெளியே தெரிபவற்றில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு உலர்த்துகின்றன. ஆபத்து தெரியாதவற்றில் இருக்கிறது. நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் மாறுவதால், போன மாதம் ஆழத்தில் இருந்த கட்டை இந்த மாதம் ஒரு சாண் அடியில் நிற்கும். தெப்பக்காரர் நீரின் மேல் விழும் சிறு சுழிப்பைக் கண்டு விலகுகிறார். கரையில் யானையோ காட்டெருமையோ நின்றால் துடுப்பை நீருக்குள்ளேயே வைத்து ஓசையின்றித் திருப்புகிறார். விசைப்படகில் இது முடியாது.

வலையில் விழும் மீன் மாறிவிட்டது. வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் பெருகிவிட்டன. பெரியாற்று நீரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீனினம் ஒன்று இங்கே வாழ்கிறது. அதற்கு இரையும் இடமும் குறைகின்றன. மீனவர் வருமானத்துக்குத் திலேப்பியா உதவுகிறது என்பதும் உண்மை. எளிதில் தீர்கிற சிக்கல் அல்ல இது.

1978இல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டில் 1990களின் பிற்பகுதியில் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. காட்டு லவங்கமரப் பட்டையை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுவந்தவர்கள் சூழல் மேம்பாட்டுக் குழுக்களில் சேர்க்கப்பட்டு வழிகாட்டிகளானார்கள். வழக்குகளோடு அலைந்தவர்களின் காட்டறிவு காவலுக்குப் பயன்பட்டது. பழங்குடி வழிகாட்டிகளோடு சேர்ந்து இத்தகைய குழுக்களே நடைப்பயணங்களையும் தெப்பப் பயணத்தையும் நடத்துகின்றன. தெப்பப் பயணம் காலையில் தொடங்கும். கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடை, பிறகு நீர். அட்டைக்கடிக்குத் துணிக் காலுறை தருவார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் கூடவே வருவார்.

பெரிய படகில் ஒன்றரை மணி நேரம் சுற்றிவருவதே பெரும்பாலோர் செய்வது. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற ஈரடுக்குப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. இன்றைக்கு உயிர்காப்புச் சட்டை கட்டாயம். புகைப்படத்துக்காக அதைக் கழற்றுகிறவர்களும் இருக்கையிலிருந்து எழுகிறவர்களும் இந்த எண்ணிக்கையை நினைவில் வைக்க வேண்டும்.

ஒருநாள் கையில் இருப்பவர் தெப்பத்தையே தேர்ந்தெடுக்கலாம். ஒரு நடைக்குச் சிலருக்கே இடம் என்பதால் முன்பதிவு தேவை. கட்டணம் படகைவிட அதிகம்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு துடுப்புப் போடுகிறவரின் குடும்பத்துக்குப் போகிறது. பிளாஸ்டிக் புட்டியைக் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏரியில் எறிவது எதுவானாலும், அதே நீரைத்தான் கம்பம் பள்ளத்தாக்கு குடிக்கிறது.