ஆறு எங்கே போயிற்று?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பயிற்சி தரும் திட்டங்களைப் பற்றி எழுதுங்கள், நீங்கள்தான் பள்ளியிலேயே ஆராய்ச்சி செய்தவராயிற்றே என்றார். நான் செய்த ஆராய்ச்சியின் கதை அவருக்குப் பாதிதான் தெரியும். மறுபாதியையும் சொல்லாமல் அத்திட்டங்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

விஜயபுரம் என்றதும் உங்களில் சிலர் திருவாரூரை நினைப்பீர்கள். என் ஊர் அதுவன்று. ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில், நகரிக்கு அண்மையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது என் விஜயபுரம். 1960 ஏப்ரல் வரை திருத்தணியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு அது அந்தப்புறம் போயிற்று; நாங்கள் இந்தப்புறம் நின்றோம். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் இரண்டும், பள்ளியில் தெலுங்கு. இப்படி வளர்ந்தவள் நான்.

2022ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தான். இரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறுமா, இறங்குமா என்று ஒவ்வொரு காலையிலும் ஒரு சீட்டுக்காக அம்மா வாசலில் காத்து நின்றதை நான் மறக்கவில்லை. ஓர் எண்ணுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை அன்று நான் கண்ணால் கண்டவள். கண்டவள்தான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன்!

அவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியர் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றி வகுப்பில் சொன்னார். 1993 முதல் நடந்துவந்த மாநாடு அது. பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். இருவர் சேர்ந்து ஒரு குழு; வழிகாட்ட ஓர் ஆசிரியர். தம் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, தாமே அளந்து, தாமே எண்ணி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தாய்மொழியில் எழுதலாம். உடல்நலமும் நல்வாழ்வும் பெறச் சூழலமைப்பைப் புரிந்துகொள்வது என்பதே அவ்வாண்டின் பொருள். அதைக் கேட்டதும் என் தம்பியின் நினைவு வந்தது. என் தோழியும் நானும் பெயர் கொடுத்தோம்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வரும். ஆகவே வீட்டுக்கு வீடு டிரம், தொட்டி, குடம் என்று தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரையே நாடி வரும், பகலில் கடிக்கும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தண்ணீர் ஏறி நனைத்ததும் புழு வெளிவரும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். இவை ஆசிரியர் சொல்லி நாங்கள் அறிந்தவை.

"டிரம்மிலே ஒரு கொத்து வேப்பிலையைப் போடு. எந்தக் கொசு வரும்னு பார்க்கலாம்" என்பாள் எங்கள் ஆயா. அதையே ஆராய்வது என்று முடிவு செய்தோம். பழைய பெயிண்ட் டப்பாக்கள் இருபது சேர்த்தோம். பத்தில் வேப்பிலை, பத்தில் வெறும் தண்ணீர். பள்ளியின் பின்புறச் சுவரோரம் நிழலில் மாற்றி மாற்றி வைத்தோம். ஐந்தாம் நாள் தவறாமல் புழுவை எண்ணிவிட்டுத் தண்ணீரை வெயில் காயும் மண்ணில் கொட்டி, டப்பாவை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது ஆசிரியரின் கண்டிப்பான கட்டளை. ஆராய்ச்சி என்ற பெயரில் நாமே கொசு வளர்த்துவிடக் கூடாதல்லவா? அப்படி நான்கு சுற்றுகள் செய்தோம். ஒவ்வொரு முறையும் கண்டதைப் பென்சிலால் ஒரு நோட்டில் குறித்தாள் என் தோழி.

முடிவில் கூட்டிப் பார்த்தோம். வெறும் தண்ணீர் இருந்த பத்து டப்பாக்களில் ஏழில் புழு கண்டிருந்தது. வேப்பிலை போட்ட பத்தில் ஆறு!

எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு வீண் என்று நினைத்தோம். ஏழுக்கும் ஆறுக்கும் வேறுபாடு சொல்லி யாரிடம் பரிசு வாங்குவது? ஆயா பொய் சொல்வாளா? நம் முன்னோர் சொல் பொய்க்குமா? நாம்தான் எங்கோ தவறியிருப்போம். இலை போதாது போலும். இப்படியெல்லாம் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அட்டையில் அட்டவணையை எழுதியபோது ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான் இரண்டு என்று எழுதினேன். தோழி என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆசிரியரிடமும் சொல்லவில்லை. அவர் எங்களை நம்பினார்.

பள்ளியில் காலை வழிபாட்டில் எங்கள் முடிவைப் படிக்கச் சொன்னார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. செய்தி மாலைக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்று ஆயா ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். அந்த வாரமே பல வீடுகளில் டிரம்முக்குள் வேப்பிலை மிதந்தது.

சித்தூரில் நடந்த மாவட்டத் தேர்வுக்குப் போனோம். எங்களைத் தேர்வு செய்ய வந்த அம்மையார் அட்டையை அதிகம் பார்க்கவில்லை. நாட்குறிப்பைக் கேட்டார். தோழி நோட்டை நீட்டினாள். அதில் பென்சில் எழுத்துகள் அப்படியே இருந்தன; அவற்றை அழிக்கும் துணிச்சல் எங்கள் இருவருக்கும் வரவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், விரலால் கூட்டினார், பிறகு அட்டையைப் பார்த்தார்.

"ஈ ஆரு எக்கட போயிந்தம்மா?" என்றார். இந்த ஆறு எங்கே போயிற்று என்று கேட்டார். தெலுங்கிலும் தமிழிலும் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய ஒரே பெயர். எந்த மொழியிலும் எங்களிடம் விடையில்லை.

அவர் சினக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. "ஆறு என்றே எழுதியிருந்தால் உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. இரண்டு என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் என்ன கேட்பது?" என்று சொல்லி, நோட்டை மூடித் தந்துவிட்டு அடுத்த குழுவிடம் போனார். நாங்கள் தேர்வாகவில்லை. திரும்பும்போது பேருந்தில் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "தெருவிலே சொல்லிட்டீங்களே, அதை என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இந்தக் கதையில் என் பெரிய குற்றம். வெட்கம் என் வாயைக் கட்டிவிட்டது. அந்த மாதக் கடைசியில் எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். டெங்குதான் என்று ஆயிற்று. அம்மாவோடு போனேன். முற்றத்தில் அவர்கள் டிரம் மூடியின்றி நின்றது. மேலே வேப்பிலைக் கொத்து. அதன் கீழே, நெளிந்து நெளிந்து, புழுக்கள்.

"நீ சொன்னதிலிருந்து வாராவாரம் புது இலை போடறோம்மா" என்றாள் அந்த வீட்டு அத்தை.

முன்பெல்லாம் அவர்கள் டிரம்மை மூடி வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவுவார்கள். இலையை நம்பிக் கழுவுவதை விட்டிருந்தார்கள். என் பொய்யால்தான் அந்தக் குழந்தை நோயுற்றது என்று நான் சொல்ல முடியாது. கொசு எந்த வீட்டிலும் பிறந்திருக்கலாம். ஆனால் என் பொய்யால் அன்று என்று சொல்லவும் என்னால் முடியாது. குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் தோழியை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆறை இரண்டாக்கியது நான்தான் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். மூடி போடுங்கள், வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நண்பர்களே, பிறகு நான் படித்து அறிந்த இரண்டு செய்திகளை இங்கே சொல்ல வேண்டும்.

1895இல் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் செகந்திராபாத்துக்கு வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். கொசுக்களை நோயாளியின் இரத்தம் குடிக்க விட்டு, அவற்றை அறுத்து அறுத்துப் பார்த்தார். ஒன்றும் காணவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு! அவர் எடுத்தவை வேறு இனக் கொசுக்கள். மலேரியாக் கிருமி அவற்றில் வளர்வதில்லை. இல்லை, இல்லை என்று வந்த விடைகளை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் 1897 ஆகஸ்டில் வேறோர் இனக் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டபோது, அதன் பொருள் அவருக்கு விளங்கிற்று.

இன்னொன்று எங்கள் ஊருக்கு மிக அருகில் நடந்தது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்குமா என்று அறிய, 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்த முயற்சி அது. 2,50,000க்கும் மேற்பட்ட மக்கள் அதில் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். எவருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நோயைக் கணித்தவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே விடை. எத்தனை பேர் உழைப்பு! எவ்வளவு பொருள்! ஆயினும் 1999இல் பதினைந்து ஆண்டு முடிவையும் உள்ளது உள்ளபடியே அச்சிட்டார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசங்களிலிருந்து அத்தடுப்பூசி காக்கிறது; ஆகவே பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று இன்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால், அது அவர்கள் ஓர் எண்ணையும் மாற்றாததால்தான்.

பத்துப் பெயிண்ட் டப்பாவில் வந்த ஆறைத் தாங்க முடியாத நான் இதைப் படித்த அன்று தலைகுனிந்தேன். எங்கள் ஆறும் ஒரு விடைதானே? இலை ஊறிய தண்ணீர் பெண் கொசுவை விரட்டுவதற்கு மாறாக, சில வேளைகளில் அழைக்கவும் செய்யும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். வேப்ப எண்ணெயில் புழுவைக் கொல்லும் பொருள் உண்டு. மிதக்கும் இலையும் பிழிந்த எண்ணெயும் ஒன்றா? அந்த அம்மையார் எங்களிடம் கேட்க நினைத்தவை இவையாகத்தான் இருக்கும்.

2025 ஆகஸ்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் நிலையங்களை 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு ஒரு நாள் திறந்து வைத்தது. அவர்கள் உள்ளே போய் ஆய்வுக்கூடங்களைப் பார்த்தார்கள், அறிவியலாரோடு பேசினார்கள். நல்ல முயற்சி. மனமார வரவேற்கிறேன். ஆனால் கருவியைப் பார்ப்பது ஒரு நாளில் முடியும். எண்ணியதை எண்ணியபடி எழுதும் பழக்கம் ஒரு நாளில் வராது. ஊரில், தெருவில், தன் கையால் எண்ணும்போதுதான் அது வரும். பரிசும் சான்றிதழும் மட்டுமே நோக்கமானால் அங்கும் வராது என்பதற்கு நானே சான்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் போகும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு முறை போங்கள். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே, அவர்கள் தெருவில் ஒன்றை எண்ணச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியில் புழுவோ, மூடியில்லாத டிரம்மோ, எதுவாயினும் சரி. தொடங்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நினைத்தது வராவிட்டாலும் பரிசு உண்டு, நோட்டில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் போதும்.

சென்ற கோடையில் நான் அப்படி இருவரை எங்கள் பள்ளியில் உட்கார வைத்தேன். முதல் நாள் அவர்களுக்கு என் பழைய நோட்டைக் காட்டினேன். பென்சில் சற்று மங்கியிருக்கிறது. ஆனால் ஆறு ஆறாகவே இருக்கிறது.