காதல் காத்திருக்க ஒரு காரணம் வேண்டும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் தெரியும். 1750ல் ராஜ்யத்தையே இந்தக் கோயிலுக்கு அர்ப்பணித்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆட்சி நடத்தியவர் மார்த்தாண்ட வர்மா. மலையாளிகள் மனதில் இன்றும் உலவும் அந்த ராஜா பாதி சரித்திரம். மீதிப் பாதி சி.வி. ராமன் பிள்ளையின் கைவண்ணம். இந்த ஊர்க்காரரான சி.வி. எழுதி, 1891ல் சென்னையில் அச்சான 'மார்த்தாண்ட வர்மா'தான் மலையாளத்தின் முதல் சரித்திர நாவல்.

பஞ்சவன்காட்டில், வெட்டுப்பட்டு ரத்தவெள்ளத்தில் கிடக்கும் அனந்தபத்மநாபனோடு கதை தொடங்குகிறது. ஊர் அவனைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அவனையே மனதில் வரித்த பாறுக்குட்டி வேறு கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் நோயில் விழுகிறாள். ஆனால் அவன் உயிரோடுதான் இருக்கிறான். பைத்தியக்காரனாகவும் வேறு வேடங்களிலும் அதே மண்ணில் திரிகிறான். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?

கூடாது. அதற்கு சி.வி. வைத்திருக்கும் காரணம் அசைக்க முடியாதது. திருவிதாங்கூரில் பட்டம் ராஜாவின் மகனுக்கு அல்ல, சகோதரியின் மகனுக்கு. ராஜாவின் மகன்களான தம்பிமார் அதை ஏற்கவில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமார் துணையோடு இளவரசர் மார்த்தாண்ட வர்மாவின் உயிருக்குக் குறிவைக்கிறார்கள். அனந்தபத்மநாபன் பிழைத்திருப்பது வெளியே தெரிந்தால் இளவரசருக்கு ஆபத்து. போதாக்குறைக்கு, பாறுக்குட்டியைப் பெண் கேட்டு வருபவரே மூத்த தம்பிதான். சிம்மாசனப் போட்டியும் காதல் போட்டியும் ஒரே முடிச்சு. அதனால்தான் இந்தத் தாமதம் ஆசிரியர் இழுத்தடிப்பதாகத் தோன்றுவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது பழகிய ருசி. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடரில் வந்தியத்தேவனையும் குந்தவையையும் கல்கி இப்படித்தான் காக்க வைத்தார். ஓலையும் சதியும் சிறையும் குறுக்கே நின்றன. வெறும் கூச்சம் அல்ல.

ஆனால் காரணம் மட்டும் போதாது. காத்திருப்புக்கு யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சந்தேகப்பட்ட கணவனால் கைவிடப்பட்ட சுபத்ரா, சதிகளை மோப்பம் பிடித்து இளவரசரைக் காப்பாற்றுகிறாள்; பாறுக்குட்டிக்கும் துணை நிற்கிறாள். கடைசியில் குடமண் பிள்ளையின் வாளுக்கு இரையாகிறாள். கல்கியின் கதையில் வந்தியத்தேவனை நேசித்த மணிமேகலை சித்தம் கலங்கி, அவன் கண்ணெதிரே உயிர் விடுகிறாள்.

இளவரசர் பட்டத்துக்கு வருகிறார், பாறுக்குட்டிக்குக் கல்யாணம் நடக்கிறது. எல்லாம் சுபம்தான். இருந்தும், புத்தகத்தை மூடியபின் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மணமகள் அல்ல, சுபத்ரா.