விடைபெறும் ஆசானுக்கு எங்கள் நன்றி

சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு துறையின் தலைவராக இருந்த அறிஞர் ஒருவர், அறுபது வயது நிறைந்து இம்மாதம் ஓய்வு பெறுகிறார். புகழுரையை விரும்பாதவர் என்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆயினும், பாலாற்றங்கரையில் மூன்று தலைமுறைகளாகத் தோல் பதனிட்டு வாழும் குடும்பத்தினராகிய நாங்கள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். மனிதர் செய்த உதவியை மறந்துவிட்டு இறைவனுக்கு மட்டும் நன்றி செலுத்திவிட முடியாது என்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு அல்லவா?

நம் முன்னோர் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு வந்தது. பல நாள் வேலை விரைவில் முடிந்தது. ஆனால் வழக்கமான முறையில், இடுகின்ற குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் பற்றாமல் கழிவுநீரோடு போய்விடும். பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பும் அதனுடன் கலக்கும். ஆறும் கிணறுகளும் வயல்களும் இதனால் பட்ட துன்பத்தை நம் பகுதியில் அறியாதார் இல்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எத்தனையோ குடும்பங்கள் தொழில் நிலைக்குமா என்று கலங்கிய காலம் அது.

அக்காலத்தில் இளம் விஞ்ஞானியாக எங்கள் ஆலைக்கு வந்தவர் அவர். எவரையும் கடிந்து பேசவில்லை. கழிவுநீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். “இந்த நீலம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. இதை ஏன் ஆற்றுக்குக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். அந்நீரில் காரம் சேர்த்துக் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை, தொழிலாளர்களுடன் நின்று செய்து காட்டினார். ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தனியே சேர்க்கும் எளிய பழக்கத்தையும் அவரே வற்புறுத்தினார்.

துறைத்தலைவரான பின்னும் அவர் மாறவில்லை. ஆய்வறிக்கையில் உள்ள எண்ணை எவருக்காகவும் திருத்தியதில்லை. பெருநாளன்று நாங்கள் கொண்டுசென்ற தோல்பையை அன்புடன் திருப்பித் தந்துவிட்டு, பிரியாணியை மட்டும் துறையினர் அனைவருடனும் பகிர்ந்து உண்டார். ஆலைக்கு வரும்போதெல்லாம் முதலாளியின் அறைக்குச் செல்லும் முன், சுண்ணாம்புக் குழியருகே நிற்பவர்களின் கைகளைத்தான் முதலில் பார்ப்பார். கையுறை இல்லையெனில் அதன் பிறகுதான் மற்றப் பேச்சு.

அவர் தொடங்கிய பணி இன்னும் நிறைவடையவில்லை. நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பது இன்றும் பெருஞ்செலவு. ஆறு இன்னும் முழுமையாக மீளவில்லை. எனவே அவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நம் நன்றி முடிந்துவிடலாகாது. தொழிலை வெறுத்து விலகும் நம் பிள்ளைகளில் சிலரேனும் தோல் தொழில்நுட்பம் பயின்று, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

அவருக்கு நீண்ட ஆயுளையும் உடல்நலத்தையும் இறைவன் அருள்வானாக. இன்ஷா அல்லாஹ், அவர் மீண்டும் நம் ஊருக்கு வரும்போது, காட்டுவதற்குத் தெளிந்த நீர் நம்மிடம் இருக்கட்டும்.