குருதியைத் தோண்டுவோர்

"பண்டாரநாயகாவின் மூதாதை ஒரு தமிழன்! ஆதாரம் இருக்கிறது!" என்று மேசையைத் தட்டி முழங்கினான் ஒரு மாணவன். வகுப்பறை அதிர்ந்தது. கைதட்டல், சீழ்க்கை, ஆரவாரம். நாமும் தட்டினோம். மறைப்பானேன்?

வடக்குத்தில் நாம் பணிபுரியும் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தோறும் சொற்போர் நடத்துவது வழக்கம். நாம் இளைஞர், கல்லூரியை விட்டு வந்து நெடுநாளாகவில்லை, மேடைப் பேச்சில் மயக்கம் இன்னும் தெளியாதவர். ஆகவே மாணவர்களுக்கும் அந்தச் சுவையை ஊட்ட எண்ணினோம். அன்றைய தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுத்தனர்: 'தலைவனை அறியப் பிறப்பை அறிய வேண்டுமா?'

முதல்வன் பெற்ற கைதட்டல் அடுத்தவனுக்கு வெறியூட்டிற்று. அவன் எழுந்தான். "அந்தத் தலைவர் தெலுங்கர், இந்தத் தலைவர் மலையாளி, அவர் கன்னடர்" என்று பட்டியல் படித்தான். பட்டியல் தலைவர்களோடு நிற்கவில்லை. பட்டியல்கள் என்றுமே நிற்பதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று: "மூன்றாம் வரிசையில் இருக்கிறானே, இவன் வீட்டிலும் தெலுங்குதான் ஐயா!"

சிரிப்பு. மூன்றாம் வரிசை மாணவன் தலை கவிழ்ந்தான். பிழைப்புத் தேடி இந்தச் சுரங்க நகருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை அவன். "அமைதி!" என்று ஒரு சொல் சொன்னோம். மணியடித்தது. வகுப்பு கலைந்தது. அவ்வளவுதான் நாம் செய்தது.

ஏன் அதற்குமேல் பேசவில்லை? அச்சம்! ஆம் தோழர்களே, பகுத்தறிவு பேசும் நமக்கு அச்சம். நம் வீட்டிலும் பாட்டி பேசுவது தெலுங்கு. கல்லூரி நாட்களில் நம்மைக் காண முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு பாட்டி விடுதிக்கு வந்தபோது, நண்பர்கள் காதில் அந்தப் பேச்சு விழுந்துவிடக் கூடாதே என்று, வாயிலுக்கு அப்பால், சாலையின் மறுபுறம் இருந்த புளியமரத்தடிக்கு அவரை அழைத்துச் சென்றவர் நாம். "வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு வாருங்கள்" என்று பொய் சொன்னோம். பாட்டி நம்பினார். அந்தப் புளியமரம் அன்றைக்கு வகுப்பறைக்குள்ளேயே வந்து நின்றது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கைதட்டினோமே, எதற்காகத் தட்டினோம் என்று நம்மையே கேட்டுப் பார்த்தோம்.

மாணவன் சொன்னது கட்டுக்கதையன்று. 1957ஆம் ஆண்டில், ஜேம்ஸ் இரத்தினம் என்ற தமிழ் ஆய்வாளர், கொழும்பு ஏடான 'டிரிபியூன்' இதழில், நீலப்பெருமாளின் மரபு பற்றி எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற நீலப்பெருமாள் என்பவரே பண்டாரநாயகா குடும்பத்தின் முன்னோர் என்பது செய்தி. அப்போது அந்தக் குடும்பத்து மகன் இலங்கையின் தலைமை அமைச்சர். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, பின்னர் பௌத்தம் தழுவியவர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியவர். அதை எதிர்த்து, அவ்வாண்டு சூன் 5ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலில் அறப்போர் நடத்திய தமிழர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 1957 சூலையில் செல்வநாயகத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். எதிர்ப்பு எழுந்ததும் 1958 ஏப்பிரலில் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம். 1959 செப்டம்பரில், தாம் யாருடைய துணையோடு ஆட்சிக்கு வந்தாரோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பௌத்த பிக்குவின் துப்பாக்கிக்கே இரையானார்.

அடிபட்ட இனத்தின் பிள்ளைக்கு, 'உன் பாட்டனே எங்கள் வீட்டுப் பிள்ளைதானடா!' என்று சொல்வதில் ஓர் இனிப்பு இருக்கத்தான் செய்கிறது. வலித்தவன் தேடும் சிறு பழிவாங்கல் அது. ஆனால் அந்த இனிப்பைச் சற்றே கடித்துப் பாருங்கள், உள்ளே நஞ்சு தெரியும். நீலப்பெருமாளே இல்லாதிருந்தால்? பண்டாரநாயகா ஒரு துளியும் கலப்பற்ற சிங்களராக இருந்திருந்தால்? அந்தச் சட்டம் அறமாகிவிடுமா? காலிமுகத் திடலில் விழுந்த அடி நியாயமாகிவிடுமா? பிறப்பைக் காட்டி அவரை மடக்கும்போது, 'தூய சிங்களனாக இருந்தால் நீ செய்தது சரி' என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் அன்றோ?

கணக்குப் போட்டும் பார்த்தோம். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அதற்கு முன் எண்மர். இவ்வாறே பதினைந்து தலைமுறை பின்னோக்கிச் சென்றால் 32,768 இடங்கள். அத்தனை இடங்களில் ஒரே ஓர் இடத்தில் அமர்ந்திருப்பவர் நீலப்பெருமாள். மற்ற 32,767 இடங்களில் இருந்தவர்கள் யார்? எவரும் கேட்பதில்லை. ஆண்வழியில் பெயர் தாங்கி வந்த ஒருவரை மட்டும் பிடித்து, 'இவரே வேர்' என்கிறோம். பெண்வழி முழுவதும் கணக்கில் இல்லை. இதுவா ஆராய்ச்சி?

கடல் கடந்து சென்றால் இன்னொரு காட்சி. 1920ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். வாரன் ஆர்டிங் போட்டியிட்டார். 'இவர் உடலில் நீக்ரோ இரத்தம் ஓடுகிறது' என்று துண்டறிக்கைகள் பறந்தன. சான்சலர் என்ற கல்லூரிப் பேராசிரியர் அதற்கு வம்சாவளியே வரைந்து கொடுத்தார், வேலையையும் இழந்தார். ஆர்டிங் வென்றார். பல்லாண்டுகளுக்குப் பின், 1965இல், கறுப்பின எழுத்தாளர் ரோஜர்ஸ், அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் ஐவர் கறுப்பினக் கலப்புடையவர் என்று ஒரு சிறுநூல் எழுதினார். ஆர்டிங்கும் அதில் ஒருவர். வெள்ளையருக்கு வசையாக இருந்த அதே வதந்தி, இழிவுபடுத்தப்பட்டவருக்கு வாழ்த்தாயிற்று! ரோஜர்சின் ஏக்கத்தை நாம் எள்ளவில்லை. 'நீ எதற்கும் தகுதியற்றவன்' என்று அறையப்பட்டவன், 'உன் நாற்காலியில் அமர்ந்தவனே என் உறவினன்' என்று திருப்பி அறைய எண்ணுவது இயல்பு. ஆனால் 2015இல் உறவினர்களின் மரபணுவை ஆய்ந்து பார்த்தபோது, ஆர்டிங்கின் அண்மைத் தலைமுறைகளில் ஆப்பிரிக்க மரபின் தடயம் கிடைக்கவில்லை. வசையும் வாழ்த்தும் ஒரே நாளில் ஆவியாயின!

எஞ்சியது எது? அவர் செய்ததும் செய்யாததும்தான். 1921இல், கறுப்பின மக்களை வதைத்து வந்த தென்மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் நின்று, அவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று பேசினார். அதே பேச்சில் சமூகச் சமத்துவத்தை மறுத்தார். கும்பல் கொலையைத் தடுக்கும் சட்ட வரைவை ஆதரித்தார். 1922இல் கீழவையில் நிறைவேறிய அது மேலவையில் முடங்கியது. புகழவும் இகழவும் இவை போதாவா?

இனி, நம் வீட்டுக்கே வருவோம். எம்.ஜி.ஆர். 1917 சனவரி 17ஆம் நாள், அதே இலங்கையில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில், மலையாளக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 'மலையாளி' என்று மேடைகளில் அவரைத் தாக்கினார்கள். அதற்கு விடை தேடிய அன்பர்கள் என்ன செய்தார்கள்? 'மலையாளியாக இருந்தால் என்ன?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் முன்னோர் உண்மையில் கொங்கு நாட்டு மன்றாடியார் குடியினர் என்று நிறுவ ஒரு நூலே எழுதப்பட்டது! தாக்கியவன் பிறப்பைக் கேட்டான். காத்தவன் பிறப்பைக் காட்டினான். இருவரும் ஒரே கோயிலின் பூசாரிகள்.

பிறப்பை ஒதுக்கிவிட்டு ஏட்டைப் புரட்டுவோம். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது அவர் அரசு. இந்த எழுத்துகளைத்தான் இன்று நம் மாணவன் கரும்பலகையில் எழுதுகிறான். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம். 1982 சூலையில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம். அது எத்தனை சிற்றூர்ப் பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்குள் இழுத்து வந்தது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். இவை ஒரு பக்கம். மறு பக்கம்: 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கட்டியதும் அதே அரசே. 1980 சனவரி நாடாளுமன்றத் தேர்தலில் தோல்வி கண்டதும் வரம்பை நீக்கி, ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியதும் அதே அரசே. இவற்றுள் எதை மலையாளக் குருதி செய்தது? எதை மன்றாடியார் குருதி செய்தது? மன்றாடியார் என்று மெய்ப்பித்துவிட்டால் 9,000 ரூபாய் வரம்பு சரியாகிவிடுமா? மலையாளி என்று மெய்ப்பித்துவிட்டால் பிள்ளையின் தட்டில் விழுந்த சோறு கசக்குமா?

இருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். தமிழ் முன்னோரைக் கொண்டவர் தமிழுக்குக் கதவடைத்தார். பிறமொழிக் குடும்பத்தில் பிறந்தவர் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தும் ஆணை பிறப்பித்தார். குருதி எந்தத் திசையிலும் வழிகாட்டவில்லை.

'அப்படியானால் வம்சாவளியை ஆராயவே கூடாதா?' என்று கேட்கலாம். ஆராயட்டும். வரலாற்றாசிரியனுக்கு அது தொழில். பொய்யான பிறப்புக்கதை பரப்பப்பட்டால், சான்று காட்டி மறுப்பதும் கடமையே. நாம் எதிர்ப்பது அறிவை அன்று. அறிவைச் சாதிச் சான்றிதழாக மாற்றும் சூழ்ச்சியை. தம் வீட்டு மொழி கன்னடம் என்பதைப் பெரியார் மறைத்தாரா? இல்லை. அவர் கூட்டிய முதல் சுயமரியாதை மாநாடு, 1929இல் செங்கற்பட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதி வாலை அறுக்கச் சொன்னது. முன்வாசலில் அறுத்தெறிந்த வாலை, ஆராய்ச்சி என்ற பெயரால் கொல்லை வழியாகக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு நாம் துணைபோகலாமா?

திங்கட்கிழமை வகுப்பில் இவற்றைச் சொன்னோம். முதலில் புளியமரத்தைச் சொன்னோம், குரல் நடுங்கிற்று. பாட்டியின் மொழி தெலுங்கு என்றோம். அதை மறைத்தது நம் இழிவு, பாட்டியின் இழிவன்று என்றோம். சிரிப்பு எழவில்லை. பின்வரிசைக் குரலுக்கு உரியவன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாடம் முடிந்தபின் மூன்றாம் வரிசை மாணவன் அருகில் வந்தான். நன்றி சொல்வான் என்று எண்ணினோம். கேள்வி கேட்டான். "ஐயா, பிறப்பைப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள். ஆனால் நம் மேடைகளிலும் இரத்தம், இனம், மரபு என்றுதானே முழங்குகிறார்கள்? அப்போது மட்டும் கைதட்டலாமா?"

சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது உண்மை. திராவிடம் என்ற சொல், 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதிய நாள்முதல், மொழிகளின் உறவைக் குறித்த சொல். பின்னர், பிறப்பால் தாழ்த்தப்பட்டவர் நிமிர்வதற்கு ஊன்றுகோலான சொல். ஊன்றுகோலைக் குருதி அளக்கும் கோலாக மாற்றிப் பேசியவர்கள் நம்மிடையேயும் உண்டு. "கைதட்டக் கூடாது, தம்பி" என்றோம். "தமிழ் நமக்குப் பெருமை. நாம் கற்பதால், பேசுவதால், அதற்கு உழைப்பதால் பெருமை. இரத்தத்தில் இருப்பதால் அன்று. உன் தாய் வீட்டில் பேசுவதும் அந்தக் குடும்பத்து மொழியே. அதற்காக நீ தலை கவிழ வேண்டியதில்லை." அவன் முழுவதும் ஏற்றானா என்று தெரியவில்லை. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாலையில் சாலைக்கு வந்து நின்றோம். தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகை. இவ்வூர்ப் பக்கத்தில் மண்ணைத் தோண்டுகிறார்கள். மேல்மண்ணை அகற்றி, அடிநீரை இறைத்து, பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். அதற்காக நிலத்தை இழந்த ஊர்களின் துயரம் தனிக் கதை. ஆயினும் அந்தக் குழியிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. அதை எரிய விடும் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று விளக்கு கேட்பதில்லை. குருதியைத் தோண்டுவோர் குழியிலிருந்து இதுவரை எந்த விளக்கு எரிந்தது?

தோழர்களே! அடுத்த முறை யாரேனும் உங்கள் காதருகே வந்து, 'இந்தத் தலைவனின் உண்மையான பூர்வீகம் தெரியுமா?' என்று கிசுகிசுத்தால், உடனே மறுமொழி கூறுங்கள்: "அவன் இயற்றிய சட்டம் தெரியுமா? அதைச் சொல்!" எதிரியைப் பற்றிய கிசுகிசுப்பானாலும் இதையே கூறுங்கள். எதிரிக்கு மட்டும் பிறப்பைப் பார்ப்போம் என்றால், ஒருநாள் அந்தப் பார்வை நம் வகுப்பறையின் மூன்றாம் வரிசைக்கு வந்து சேரும்.

விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். இம்முறை பாட்டியை வடக்குத்துக்கு அழைத்து வரப் போகிறோம். பேருந்தில் அவர் வாய் ஓயாமல் பேசுவார். பேசட்டும்!