ஜனவரி 30-இல் பிறந்தவனுக்காக

அன்பு மகள் கயலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் சுகமாக இருப்பதாக அண்ணன் போனில் சொன்னார். கூடவே, "காந்தியைச் சுட்ட நாள்ல போய்ப் பொறந்திருக்கானே" என்று உன் மாமியார் குறைப்பட்டுக்கொள்கிறார்கள், நீயும் அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்கிறாய் என்றும் சொன்னார். பிள்ளை பெற்ற உடம்போடு பெரியவர்களிடம் வாதம் பண்ணிக்கொண்டிருக்காதே. இதை நீ படித்துவிட்டு அவர்களிடம் கொடு, போதும்.

சிவகாசியில் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்த்தவன் நான். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் போட்டது போக ஒரு தாளில் இரண்டு வரிதான் மிஞ்சும். ஜனவரி 30-க்குத் 'தியாகிகள் தினம்' என்று போட்டதும் மற்றதற்கு இடம் இருக்காது. இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் காந்தியையே எடுத்துக்கொள். 1948 ஜனவரி 20-ஆம் தேதியே அவரைக் கொன்ற கூட்டத்தார் பிர்லா மாளிகைப் பிரார்த்தனையில் குண்டு வெடிக்க வைத்தார்கள். அன்றே அவரைக் கொல்வதுதான் திட்டம், நடக்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். 30-ஆம் தேதி பட்டேலோடு பேச்சு நீண்டுபோய், ஐந்து மணிப் பிரார்த்தனைக்கு அவர் தாமதமாகத்தான் கிளம்பினார். கைத்தாங்கலாக மனு என்ற பெண் ஒரு பக்கம், ஆபா என்ற பெண் ஒரு பக்கம். 5.17-க்குச் சுட்டார்கள். முதல் திட்டம் பலித்திருந்தால் நாம் 20-ஆம் தேதி பதினொரு மணிக்கு எழுந்து நின்று மௌனம் அனுசரித்துக்கொண்டிருப்போம். கொன்றவர்களுக்கு வசதிப்பட்ட நாள் அது, அவ்வளவுதான். அதே 30-ஆம் தேதி அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் ஆர்வில் ரைட்டும் இறந்துபோனார். 1903-இல் அண்ணனோடு சேர்ந்து விமானம் ஓட்டிக் காட்டியவர். காந்திக்கு வயது 78, இவருக்கு 76.

தேதியை வேண்டுமென்றே பிடித்துவைத்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது 1649 ஜனவரி 30. பதினோரு வருடம் கழித்து அவர் மகன் பட்டத்துக்கு வந்தான். அப்பாவைக் கொன்ற கிராம்வெல் அதற்குள் செத்துப் புதைந்துவிட்டிருந்தார். விட்டார்களா? பிணத்தைத் தோண்டி எடுத்து, 1661 ஜனவரி 30-ஆகப் பார்த்துத் தூக்கில் தொங்கவிட்டு, தலையை வெட்டிக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். திதி கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இப்படியுமா! இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து அப்போது பழைய காலண்டரில் இருந்தது. மன்னர் தலை விழுந்த அன்றைக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் தேதி பிப்ரவரி 9. இங்கிலாந்து புதுக் கணக்குக்கு மாறியது 1752-இல்தான்.

இனி உன் மாமியார் அவசியம் படிக்க வேண்டியது. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தான். கேட்டதும் "பாத்தீங்களா!" என்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல். அதே நாளில் அமெரிக்காவில் ஒருவருக்கு 51 வயது நிறைந்தது. 1882 ஜனவரி 30-இல் பிறந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 39 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் விழுந்துபோனவர். ஹிட்லர் பதவிக்கு வந்து ஐந்து வாரத்தில் இவரும் ஜனாதிபதி ஆனார்.

ஹிட்லர் பல வருடங்கள் அந்தத் தேதியில் மேடை போட்டு முழங்கினான். யூத இனத்தையே அழிப்பேன் என்று மிரட்டியதும் 1939-இல் இதே ஜனவரி 30-இல்தான். அதே தேதியை வைத்து ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் செய்தது வேறு. 1934 முதல் அவர் பிறந்தநாளுக்கு ஊர் ஊராக விருந்தும் நடனமும் நடத்தி, வரும் பணத்தை இளம்பிள்ளை வாத நோயாளிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். 1938-இல் அதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார்கள். தபால்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவர் இறந்த பிறகு அந்தப் பத்து சென்ட் காசிலேயே அவர் முகத்தைப் பொறித்து, 1946 ஜனவரி 30-இல் வெளியிட்டார்கள்.

அந்தச் சில்லறைக் காசில்தான் ஜோனஸ் சால்க் தடுப்பூசி கண்டுபிடித்தார். அது பலிக்கிறது என்று 1955 ஏப்ரல் 12-இல் அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் இறந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டு. வாயில் விடும் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் சேபினின் ஆராய்ச்சிக்கும் அதே அறக்கட்டளைதான் பணம் கொடுத்தது. உன் பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இரண்டு சொட்டு விட்டிருப்பார்களே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது பார்த்துக்கொள். நம் நாட்டிலும் ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாள். காந்தி நோயாளிகளுக்குத் தொண்டு செய்ததை நினைத்து வைத்தது.

சொந்த மண்ணிலிருந்து ஒரு பிறப்பு வேண்டும் என்றால் சி. சுப்பிரமணியம் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், பிறந்தது 1910 ஜனவரி 30. அறுபதுகளில் நாடு கப்பல் கோதுமைக்குக் கையேந்தி நின்றபோது மத்திய உணவு அமைச்சராக இருந்து, எதிர்ப்பையும் மீறி மெக்சிகோ கோதுமை விதையை வரவழைத்தவர். பிறகு பாரத ரத்னா கொடுத்தார்கள். காலண்டர் தாளில் இவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, நல்ல நேரத்தை எங்க போடறது?" என்றார். நியாயம்தான்.

வள்ளலாரை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. ஸ்ரீமுக வருடம், தை 19, வெள்ளிக்கிழமை. காந்தி போனதும் வெள்ளிக்கிழமைதான், ஆனால் அதை வைத்து யாரும் ஜாதகம் கணிக்கவில்லை. வள்ளலாருக்கு நாம் இங்கிலீஷ் தேதியே பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்கு வடலூரில் ஜோதி, இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் அறை தரிசனம். ஒரு வருஷம் ஜனவரியில் வரும், ஒரு வருஷம் பிப்ரவரியில்.

அடுத்த தைப்பூசத்துக்கு நானும் உன் சித்தியும் போகிறோம். பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய ஒரு வயது ஆகியிருக்கும், தூக்கிக்கொண்டு வரலாம். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை. உன் மாமியாரையும் அழைத்து வா. சத்திய தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, யார் போனாலும் சோறு உண்டு. கூட்டம்தான் தாங்காது. ஆகவே முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், தங்க இடத்துக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா