கையைத் திட்டாதீங்க, காலைப் பாருங்க

டிஸ்க் கோல்ஃப்ல வீசற தட்டு தூரமா போகலைன்னா எல்லாரும் கையைத்தான் குறை சொல்றாங்க. நான் முன்னங்காலைப் பார்க்கச் சொல்வேன்.

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவுல நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிஞ்ச வீடியோவை மெதுவா ஓடவிட்டுப் பாருங்க. வேகமா ஓடிவந்த உடம்பு, முன்னங்காலான இடது கால் ஊன்றின நொடியில தடுக்கப்படுது. டவுன் பஸ் டிரைவர் சட்டுனு பிரேக் அடிச்சா நிக்கிறவங்க முன்னாடி பாயறாங்கல்ல, அதே கதைதான். கீழே நின்ன வேகம் இடுப்பு, தோள், முழங்கைன்னு ஏறிக் கைக்கு வருது.

டிஸ்க் கோல்ஃப்ல கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசற பேக்ஹேண்டிலயும் இதேதான். ஆனா இங்க வலதுகைக்காரருக்கு முன்னங்கால் வலது. ஊன்றும்போது முட்டி லேசா மடங்கலாம். பாரம் ஏறினதும் நிமிரணும். மடங்கிக்கிட்டே போனா இடுப்பு சரியா சுத்தாது, உடம்பு முன்னாடி வழுக்கும். தட்டோட முன்விளிம்பு மேலே தூக்கிக்கும், அந்தரத்துல வேகம் செத்து விழும். தட்டை விட்டதும் குதிகால்ல திரும்பிடணும். பாதம் தரையிலயே ஒட்டிக்கிட்டா முட்டிக்குத்தான் கேடு.

சென்னையில கடற்கரையில அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடறவங்களுக்கு ஊன்றின கால் மணலுக்குள்ள இறங்கிடும். நம்ம திருப்பூர் கட்டாந்தரை அந்த வகையில வரம். (விழுந்தா தெரியும், அது வேற விஷயம்.) தட்டு போய் விழற கூடை இல்லாட்டி என்ன? பனியன் கம்பெனி லீவு விடற ஞாயித்துக்கிழமை காலையில ஒரு வேப்பமரம் போதும் குறிவைக்க.

"ஓடிவந்து வீசட்டுங்களாண்ணா?"ன்னு கட்டிங் செக்‌ஷன் தம்பி கேட்டான்.

"மொதல்ல நின்ன எடத்துலருந்தே வீசு சாமி. அந்த ரப்பர் செருப்பைக் கழட்டிட்டு ஷூவைப் போட்டுட்டு வா."